மூக்கடியில் பூசிய தைலம்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன ஆள் நான். கொம்பும் காலும் இடம் மாறி விழும். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் எழுதிவிடுவேன். பொறுத்துக்கொள்ள வேண்டும். மறதியும் வந்துவிட்டது. உலை வைத்துவிட்டு அரிசி எடுக்கப் போவேன், அரிசிப் பானைக்கு முன்னால் நின்று எதற்கு வந்தேன் என்று யோசிப்பேன். நூலகத்தில் வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி கடைத்தெருவில் என்னைக் கண்டு, ஏன் இப்படி மூச்சு இரைக்கிறது என்று கேட்டாள். சொல்லத் தொடங்கி, நடுவிலே வெட்கம் வந்து நிறுத்திவிட்டேன்.

"வாயாலை சொல்ல வெட்கமெண்டால் எழுதித் தாங்கோ அம்மா. நாங்கள் பொம்பிளையள் சேர்ந்து ஒரு புத்தகம் போடப்போறம், அதிலை சேர்ப்பம்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

என் வீடு மல்லாவியில், கடைத்தெருவிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கையில் இருக்கிறது. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இரண்டு அறை வீடு. என் கணவர் சர்க்கரை வருத்தத்தில் இறந்துபோன பிறகு அதில் நான் மட்டும்தான். ஒரே மகள் திருகோணமலையில் கல்யாணம் கட்டி இருக்கிறாள். மாமியாரையும் பார்த்து, பிள்ளைகளையும் பார்த்து, அவளுக்கு நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். "சாப்பிட்டியளோ அம்மா?" என்பாள். "ஓம்" என்பேன். "என்ன கறி?" என்பாள். சொல்வேன். அதற்கு மேல் எனக்குக் கதை வராது. அவளும் என் பிள்ளைதானே, அவளுக்கும் வராது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு வைத்துவிடுவோம்.

சின்ன வயதிலிருந்தே நான் இப்படித்தான். யாராவது பேசினால் பதில் சொல்வேன், நானாகத் தொடங்கமாட்டேன். கோயிலுக்குப் போனால் தூணோடு நின்று கும்பிட்டுவிட்டு, திருநீற்றை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அவர் இருக்கும்வரை அவர் எனக்கும் சேர்த்துக் கதைத்தார். அவர் போன பிறகு வீட்டில் சத்தமே இல்லாமல் போய்விட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைக்காரரிடம் "கால் கிலோ சீனி" என்று சொன்னதுதான் கடைசியாக வாய் திறந்தது என்று ஞாயிறு மத்தியானம் நினைவு வரும். வானொலியைப் போட்டு வைப்பேன். பாட்டுக்காக இல்லை, இடையிலே அறிவிப்பாளர் கதைப்பாரே, அதற்காக.

அந்தக் காலத்தில்தான் கடைத்தெருவில் பெண்களுக்கான அலங்காரக் கடை ஒன்று திறந்தார்கள். எல்லோரும் பார்லர் என்பார்கள். அதை நடத்துகிற பிள்ளை வவுனியாவில் வேலை பழகியவள், முப்பத்தைந்து வயது வரும். கணவர் வெளிநாட்டில். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் உப்புச் சவர் இல்லை, சவர்க்காரம் நன்றாக நுரைக்கும் என்று யாரோ சொல்லி, கடையில் தலை துடைக்கிற துவாய்களைத் தோய்த்துத் தர முடியுமா என்று கேட்டு வந்தாள். சரி என்றேன். பையில் கொண்டுவந்து தருவாள், தோய்த்துக் காயவைத்து மடித்து வைப்பேன்.

ஒருநாள் அவள் வர நேரமாகிவிட்டது. நானே துவாய்களைக் கொண்டுபோனேன். நான் தட்டி, அவர்கள் கதவைத் திறந்ததும் ஏசிக் குளிர் முகத்தில் பட்டது. கூடவே ஒரு சிரிப்புச் சத்தம். நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டு எவ்வளவு காலம் என்று அப்போதுதான் நினைத்தேன். துவாயை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. "கூட்டித் துடைக்க ஆள் வேணுமோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் நானாகக் கேட்டு வாங்கிய வேலை அது ஒன்றுதான்.

கடை ஒரே ஒரு அறை. எதிரே முச்சக்கர வண்டிகள் நிற்கிற இடம், எந்த நேரமும் ஆண்கள் நிற்பார்கள். அதனால் முன்கண்ணாடி முழுவதையும் மறைத்து ஒரு மணப்பெண்ணின் பெரிய படம் ஒட்டியிருந்தது. அதற்கு உட்பக்கம் இரண்டு திரை. பின்பக்கச் சுவருக்கு அப்பால் கட்டடச் சொந்தக்காரரின் இரும்புக்கடை வளவு, அங்கே பெடியன்கள் சீமெந்து ஏற்றி இறக்குவார்கள். எனவே பின்னாலும் யன்னல் இல்லை. கதவு உட்பக்கம் கொளுவியிருக்கும். யாராவது தட்டினால் யாரென்று கேட்டுத்தான் திறப்போம். அந்த மறைப்பு இருந்தபடியால்தான் பெண்கள் வந்தார்கள். முக்காட்டை எடுக்க வேண்டியவர்கள் எடுத்தார்கள், சேலை மாற்ற வேண்டியவர்கள் மாற்றினார்கள். முல்லைத்தீவிலிருந்து வந்து எங்கள் கடைத்தெருவில் புடவைக் கடை போட்டிருந்த முஸ்லிம் வியாபாரியின் மனைவி, "இந்த ஊரிலை நான் முக்காடில்லாமல் இருந்து தேத்தண்ணி குடிக்கிற இடம் வீட்டை விட்டால் இது ஒண்டுதான்" என்று சொல்வா.

தலைமயிர் வேலையைக் கடைக்காரப் பிள்ளை செய்வாள். நகவேலைக்கு ஜெயபுரத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். இருபத்துநாலு, இருபத்தைந்து வயது, வாய் நீளம். முன்பெல்லாம் மணப்பெண்ணுக்கு மருதோண்டியோடு சரி. இப்போது புதிதாகப் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுப் பிள்ளைக்கும் பொய்நகம் வேண்டும், பக்கத்தில் நிற்கிற தோழிக்கும் வேண்டும். ஒரு தூளையும் ஒரு தண்ணீரையும் தூரிகையால் தொட்டுக் குழைத்து நகத்தின் மேல் வைப்பாள். அது இறுகும். பிறகு சின்ன மெசினால் அராவுவாள். புட்டு மாவை அரிக்கும்போது பறக்குமே, அதுபோல வெள்ளைத் தூள் பறக்கும். அதைக் கூட்டுவதும், பூச்சை அழிக்கிற தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களைக் கழுவுவதும், நிலத்தில் ஒட்டினதை அதே தண்ணீரால் துடைத்தெடுப்பதும் என் வேலை.

அவர்களுடைய கதைகளைக் கேட்பதுதான் எனக்குப் பெரிய சந்தோசம். நான் இருப்பதை மறந்து எல்லாம் கதைப்பார்கள். ஒருநாள் நகம் போட வந்த மணப்பெண் ஒருத்தி தொடங்கினாள்.

"அக்கா, மாப்பிள்ளை கனடாவாலை வாறார். நகம் நல்லா நீளமா வேணும்."

"நீளமா வைச்சால் பிறகு எப்பிடியடி இடியப்பம் புழிவாய்?"

"அவர் புழியட்டும்."

"புழிவார், புழிவார். முதல் ரெண்டு மாசம் தோசையும் சுடுவார்."

ஒருநாள் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஜெயபுரத்துப் பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்து மேசையில் வைத்தாள். "எணை ஆச்சி, அசையாதையுங்கோ. எங்கடை கடை மொடல் நீங்கள்தான்" என்று சுண்டுவிரல் நகத்துக்கு ரோஜா நிறம் பூசிவிட்டாள். விசர்ப் பிள்ளை, ஊர் என்ன சொல்லும் என்று நான் கையை இழுத்தேன். "ஊர் உங்கடை சின்னவிரலைப் பாத்துக்கொண்டே இருக்குது?" என்றாள். வீட்டுக்குப் போகும்போது விரலைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டுதான் நடந்தேன். ஆனால் அந்த ஞாயிறு முழுவதும் அடிக்கடி அதைப் பார்த்தேன். நிறத்துக்காக இல்லை. ஒருவர் என் கையைப் பிடித்து அவ்வளவு நேரம் வைத்திருந்ததை நினைத்து.

இனி மணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூளோடு குழைக்கிற அந்த நகத் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்தால், சைக்கிள் கடையில் ரியூப்புக்கு ஒட்டுப் போடுகிற சொலூசனையும் அழுகின அன்னாசியையும் ஒன்றாகப் பிசைந்ததுபோல ஒரு மணம் வரும். மூக்கில் ஏறி நெற்றிக்குள் போய் இருக்கும். முதல் கிழமையே எனக்குத் தலையிடி. கண் எரிந்தது. பிறகு ஒரு வறட்டு இருமல் தொடங்கியது. கடைக்காரப் பிள்ளைக்கும் பின்னேரமானால் தலையிடி வரும். நகம் போடுகிற பிள்ளைக்கு விரல் நுனிகள் வெடித்து, சில நாள் கண்ணிமை வீங்கி இருக்கும். "வெயில் கொதி" என்பாள். நாள் முழுவதும் ஏசி அறைக்குள் இருக்கிறவளுக்கு என்ன வெயில் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

அந்த மணத்துக்கு வழி கண்டுபிடித்தவளும் அவள்தான். எங்கள் பகுதியில் தைலம் இல்லாத வீடு இல்லை. தலையிடிக்கும் தைலம், தடிமனுக்கும் தைலம், பஸ்ஸில் வாந்தி சத்தி வந்தாலும் தைலம். ஒருநாள் அவள் மூக்கடியில் தடிப்பாகத் தைலத்தைப் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இப்ப ஒரு மணமும் இல்லை. ஒருக்காப் பூசிப் பாருங்கோ!"

கடைக்காரப் பிள்ளையும் பூசினாள். நானும் பூசினேன். மெய்தான், தைலம் மட்டும்தான் மணத்தது. கொரோனாக் காலத்துத் துணி மாஸ்க்கை எடுத்து அதன் உட்பக்கத்திலும் பூசிக் கட்டிக்கொண்டோம். மணம் போய்விட்டது, இனி அதில் ஒன்றும் இல்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். கெட்டுப்போன கறியை மணந்து பார்த்துத்தானே கண்டுபிடிக்கிறோம். மணம் இல்லாவிட்டால் நல்லது என்றுதானே அர்த்தம். அதுவரை அடிக்கடி ஏதாவது சாட்டுச் சொல்லி வெளியே போய் நின்று காற்று வாங்கியவர்கள், பிறகு காலையிலிருந்து பின்னேரம்வரை உள்ளேயே இருந்தோம். மத்தியானச் சோற்றுப் பார்சலையும் நகம் போடுகிற மேசையிலேயே பிரித்தோம். எனக்கு அது பிடித்திருந்தது. ஒருவரின் முட்டைப் பொரியலை ஒருவர் எடுத்து, "உங்கடை சம்பலிலை உப்பில்லை ஆச்சி" என்று குறை சொல்லி, சேர்ந்திருந்து சாப்பிடுவது. சோற்றிலேயே அந்த அன்னாசி மணம் ஒட்டியிருந்ததை நாக்குச் சொல்லியிருக்க வேண்டும். தைலம் அதையும் மறைத்துவிட்டது.

இருமல் மட்டும் குறையவில்லை. கிணற்றடிக்கும் வீட்டுக்கும் வாளியோடு நடந்தால் நெஞ்சு இறுகியது. ஒரு விசயத்தைக் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உடம்பு நன்றாக இருக்கும், மூச்சு தாராளமாகப் போகும், ஆனால் மனம் ஒரு நிலையில் இருக்காது. திங்கட்கிழமை கடைக்குப் போனதும் மனம் ஆறிவிடும், மத்தியானத்துக்குள் நெஞ்சு இறுகிவிடும். அதிலிருந்து எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கியும்தான் இருந்தது என்று நினைக்கிறேன். விளங்கினதை வெளியே எடுத்தால் நான் எங்கே போவேன்? அந்த அறையில் இருக்க முடியாமல் போனால் எனக்கு வேறு அறை இல்லை. என் வீட்டில் இரண்டு அறை இருந்தும் அந்த ஒரு அறைக்குத்தான் போக மனம் வந்தது.

மாதா மாதம் பிறசர் கிளினிக்குக்கு ஆசுபத்திரிக்குப் போவேன். அங்கே இருந்த டொக்டர் ஒரு இளம் பிள்ளை. நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "இழுக்குது அம்மா. என்ன வேலை செய்யிறீங்கள்?" என்று கேட்டா.

"சும்மா வீட்டிலைதான்" என்றேன்.

"விறகடுப்போ?"

"ஓம்."

"அப்ப அந்தப் புகைதான். அடுப்பை வெளியிலை வையுங்கோ."

உறிஞ்சுகிற மருந்தும் தந்தா. நான் குசினிக்கு வெளியே, வேம்புக்குக் கீழே அடுப்பை மாற்றினேன். புகையெல்லாம் காற்றோடு போனது. இருமல் போகவில்லை. டொக்டரில் ஒரு பிழையும் இல்லை. கேட்டதற்கு நான் பதில் சொன்னால்தானே அவவுக்குத் தெரியும்.

ஆவணி மாதம் கடையில் நிற்க இடம் இருக்காது. திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் வெளிநாட்டிலிருந்து வருவார்கள். அன்றைக்கு ஒரு மணப்பெண், அவளுடைய இரண்டு தோழிகள், புடவைக் கடைக்காரரின் மனைவி, நாங்கள் மூன்று பேர். மணப்பெண்ணுக்கு நகவேலை பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஏசி நின்றது. மணப்பெண் படம் ஒட்டிய கண்ணாடியால் மங்கலான ஒரு சிவப்பு வெளிச்சம் மட்டும் வந்தது.

"ஐயோ என்ரை நகம்!" என்று மணப்பெண் கத்தினாள்.

"நகம் எங்கையும் ஓடாது, கையை அசையாதை. பொறு, போன் லைற்றைப் போடுறன்" என்று ஜெயபுரத்துப் பிள்ளை இருட்டில் போனைத் தேடிக் கையை வீசினாள். ஏதோ விழுந்து உடைந்தது. போன் வெளிச்சத்தில் பார்த்தால், நகத் தண்ணீர்ப் பெரிய போத்தல். அன்றைக்குத்தான் மூடி திறந்தது, முக்கால்வாசிக்கு மேல் இருந்தது. நிலமெல்லாம் ஓடி மேசைக்குக் கீழே போனது.

துடைக்கிறது என் வேலை. துவாய் ஒன்றை எடுத்துக்கொண்டு முழங்காலில் இருந்து துடைக்கத் தொடங்கினேன். எங்கள் மூன்று பேருக்கும் மூக்கடியில் தைலம். எங்களுக்கு ஒன்றும் மணக்கவில்லை. துவாய் நனைந்து கை குளிர்ந்ததுதான் தெரிந்தது. அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்த புடவைக் கடைக்காரரின் மனைவி, "என்ன பிள்ளையள் இது, கண்ணெல்லாம் எரியுது, கதவைத் திறங்கோ" என்றா.

"அக்கா, முன்னாலை ஒட்டோக்காரர் நிக்கிறாங்கள்" என்றாள் கடைக்காரப் பிள்ளை. மணப்பெண் பாவாடையோடும் சட்டையோடும் இருந்தாள். தோழிகள் முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு இருந்தார்கள். "கரண்ட் இப்ப வந்திடும்" என்று யாரோ சொன்னார்கள்.

நான் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மூச்சை இழுத்தேன், அது பாதியில் நின்றுவிட்டது. அடுத்ததை இழுத்தேன், அது வரவேயில்லை. நெஞ்சுக்கு மேல் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல இருந்தது. கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன், சத்தம் வரவில்லை. எனக்கு எப்போதும்தான் சத்தம் வராது, அதனால் யாரும் கவனிக்கவில்லை. துவாயின் மேல் கையை ஊன்றினேன், கை வழுக்கியது, சரிந்துவிட்டேன்.

"ஆச்சி விழுந்திட்டா!" என்று ஜெயபுரத்துப் பிள்ளை கத்தினது கேட்டது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஒருவரும் கதவடிக்குப் போகவில்லை. அவர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் அந்தக் கதவைத் திறந்திருக்க மாட்டேன். கதவைத் திறந்தது புடவைக் கடைக்காரரின் மனைவிதான். முக்காடு மறுபக்கத்துக் கொக்கியில் தொங்கியது. அவ அதைத் தேடவில்லை. நான் மடித்து வைத்த துவாயில் ஒன்றை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கொளுக்கியை இழுத்து, இரண்டு திரையையும் பிடுங்கி, கதவை ஆவென்று திறந்து, "அந்தப் பக்கம் திரும்பி நிண்டு ஒட்டோவைக் கொண்டு வாங்கோ தம்பிமாரே, ஒரு சீவன் போகுது!" என்று சத்தம் போட்டா. அவர்கள் மெய்யாகவே திரும்பி நின்றுகொண்டு வண்டியைப் பின்பக்கமாக உருட்டிக்கொண்டு வந்தார்களாம். இதைப் பிறகு ஜெயபுரத்துப் பிள்ளை எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் பார்க்கவில்லை. வெளிக்காற்று முகத்தில் பட்டது மட்டும் நினைவிருக்கிறது.

ஆசுபத்திரியில் மூக்கில் குழாய் மாட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். அதே டொக்டர்தான். கிட்ட வந்ததும் மூக்கைச் சுருக்கி, "என்ன, தைலத்திலை குளிச்சனீங்களோ?" என்று கேட்டா. பக்கத்தில் நின்ற ஜெயபுரத்துப் பிள்ளை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எங்கே வேலை, என்ன தண்ணீர், தைலம் எதற்கு, எல்லாம். நான் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டேன்.

"வீட்டிலை சும்மா இருக்கிறன் எண்டெல்லே சொன்னனீங்கள்?" என்று டொக்டர் என்னைக் கேட்டா. கோபமாக இல்லை. பிறகு அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"பிள்ளை, தைலம் மூடினது உங்கடை மூக்கைத்தான். அந்த ஆவி நெஞ்சுக்கை போய்க்கொண்டுதான் இருந்தது. மணத்திருந்தால் வெளியிலை ஓடியிருப்பியள், தைலம் உங்களை உள்ளுக்கை பிடிச்சு வைச்சிருக்குது. துணி மாஸ்க்கும் அந்த ஆவிக்கு ஒண்டும் செய்யாது."

"அப்ப என்ன செய்யிறது டொக்டர்?"

"காத்து வெளியாலை போக வழி வேணும். அந்த மருந்து தோலிலை படப்படாது. போத்தலை மூடி வையுங்கோ. அங்கை வைச்சுச் சாப்பிடாதையுங்கோ." பிறகு என் பக்கம் திரும்பினா. "அம்மாக்கு நான் வேறை சொல்லுறன். உங்கடை நெஞ்சு அதை எதிரியா எடுத்திட்டுது. இனிக் கொஞ்சம் போனாலும் இறுக்கும். நீங்கள் அந்த அறைக்குப் போகவே கூடாது."

"கொஞ்ச நேரம் எண்டால்?" என்று கேட்டேன். டொக்டரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி.

"கொஞ்ச நேரமும் கூடாது அம்மா."

கடைக்காரப் பிள்ளை பின்னேரம் வந்தாள். தோடம்பழமும் சுடுதண்ணீர்ப் போத்தலும் கொண்டுவந்தாள். வந்து கட்டில் விளிம்பில் இருந்து அழுதாள். "அம்மா, சத்தியமா எனக்குத் தெரியாது. எனக்கும்தானே தலையிடிச்சது, எனக்கெண்டாலும் தெரிஞ்சிருக்க வேணும்" என்றாள். நான் அவளுடைய முதுகைத் தடவிவிட்டேன்.

அவள் சொன்னபடி செய்தாள். கட்டடச் சொந்தக்காரரோடு சண்டை பிடித்து, பின்சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு துளை இடித்து, காற்றை வெளியே இழுத்துத் தள்ளுகிற காற்றாடி ஒன்று பூட்டினாள். அந்த உயரத்தில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. பெண்களுக்கும் பயமில்லை. நகமேசையை அதற்கு நேரே கீழே போட்டாள். ஜெயபுரத்துப் பிள்ளைக்கு றப்பர் கையுறை வந்தது. மத்தியானச் சோற்றுக்குக் கடையை மூடிவிட்டுப் பக்கத்துத் தையற்கடைக்குப் போய்ச் சாப்பிடத் தொடங்கினார்கள். ஜெயபுரத்துப் பிள்ளையின் விரல்களும் மெல்ல மெல்ல ஆறிவிட்டன. கடைக்காரப் பிள்ளைக்குத் தலையிடி குறைந்துவிட்டதாம். எல்லாம் நல்லபடியாக நடந்தது.

எனக்கு மட்டும்தான் காலம் கடந்துவிட்டது. காற்றாடி பூட்டின பிறகு ஒரு காலை, டொக்டருக்குத் தெரியாமல், நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு போனேன். எல்லோரும் எழும்பி வந்து "ஆச்சி வந்திட்டா" என்றார்கள். கதவுக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு இருத்தினார்கள். மணம் முந்தினதில் கால்வாசியும் இல்லை. தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் நெஞ்சு கட்டத் தொடங்கியது. மறைத்துப் பார்த்தேன். இருமலை விழுங்கினேன். கடைக்காரப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டாள். கோப்பையை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள்.

"அம்மா, நீங்கள் இனி இஞ்சை வரவேண்டாம். நான் துவாயளை வீட்டை அனுப்பிறன். முந்தி மாதிரித் தோய்ச்சுத் தாங்கோ."

அன்பாகத்தான் சொன்னாள். ஒழுங்கை வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டும் வந்தாள். ஆனால் அதற்கு மேல் அவளாலும் ஒன்றும் செய்ய முடியாது, என்னாலும் முடியாது.

இப்போது முச்சக்கர வண்டித் தம்பி ஒருவர் துவாய்ப் பையை வாசல் படலையடியில் வைத்து, "அம்மா, பை" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தத் துவாய்களை டொக்டர் சொன்னபடி வெளியிலேயே நிறைய நேரம் விரித்துப் போட்டு, கையுறை மாட்டி, காற்றுப் பக்கம் பார்த்துத் தோய்க்கிறேன். துவாயில் மருதோண்டிக் கறை இருந்தால் கல்யாணம் ஒன்று நடந்திருக்கிறது. தலைமயிர்ச் சாயம் கூடுதலாக இருந்தால் யாரோ வெளிநாட்டுக்காரி வந்திருக்கிறாள். சின்னச் சின்ன மினுங்கல் ஒட்டியிருந்தால் சாமத்திய வீடு. அதற்கு மேல் துவாய் ஒன்றும் சொல்லாது. யார் யாரைப் பகிடி பண்ணினது, மாப்பிள்ளை இடியப்பம் புழிந்தானோ இல்லையோ, அதெல்லாம் தெரியாது. முதலில் கடைப் பிள்ளைகள் ஞாயிறுகளில் வந்து பார்த்தார்கள். வந்தால் நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுப்பேன். அங்கே அவர்கள் வேலையோடு வேலையாகக் கதைப்பார்கள், நான் கேட்பேன். இங்கே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். எனக்குத் தொடங்கத் தெரியவில்லை. அவர்களுக்கும் வேலைகள் இருக்கின்றன. பிறகு வரத்துக் குறைந்துவிட்டது.

போன மாதம் ஒருநாள் இரும்புக்கடையில் ஒரு வாளி வாங்கப் போனேன். வாளி தேவைப்பட்டதுதான், பொய் இல்லை. பின்வளவில் வாளிகள் அடுக்கியிருக்கிறது, போய்ப் பாருங்கோ என்றார்கள். போனால் தலைக்கு மேலே காற்றாடி சுற்றுகிற சத்தம். அந்தத் துளைக்குள்ளால் அவர்கள் கதைக்கிறது கேட்டது. சொல்லுச் சொல்லாகக் கேட்டது. ஜெயபுரத்துப் பிள்ளையின் குரல், புடவைக் கடைக்காரரின் மனைவியின் குரல், தெரியாத ஒரு சின்னப் பிள்ளையின் குரல். நான் வாளிகளுக்கு நடுவில் அசையாமல் நின்றேன். ஆனால் அந்த அறையின் ஆவி முழுவதையும் காற்றாடி கொண்டுவந்து கொட்டுகிற இடமும் அதுதான். தைலம் பூசாத மூக்கில் அந்த அன்னாசி மணம் வந்து அடித்தது. நெஞ்சு இறுகியது. போக வேண்டும் என்று தெரிந்தது. இன்னும் ஒரு கதை, இன்னும் ஒரு கதை என்று நின்றேன்.

அப்போது ஜெயபுரத்துப் பிள்ளை, "ஆச்சி மட்டும் இதைக் கேட்டிருந்தாவெண்டால்..." என்று தொடங்கினாள். அதற்குள் எனக்கு இருமல் வந்துவிட்டது. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு வளவுக்கு வெளியே வந்து, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, மருந்தை உறிஞ்சினேன். மூச்சு ஒழுங்காக வர நேரம் பிடித்தது. அவர்கள் எல்லோரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது. வாளி வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

இவ்வளவுதான் எனக்கு எழுதத் தெரிந்தது. கரண்ட் போனது ஆவணியில்தான் என்று எழுதியிருக்கிறேன், ஆடி கடைசியாகவும் இருக்கலாம். விழுந்த போத்தல் பெரியதா நடுத்தரமா என்பதும் சரியாகத் தெரியாது. டொக்டர் சொன்னதை நான் விளங்கிக்கொண்டபடிதான் எழுதியிருக்கிறேன், அதைப் படித்தவர் யாராவது பார்த்துத் திருத்த வேண்டும், பிழையாக ஒன்றை அச்சில் போடக்கூடாது. கடைக்குப் போகிற பிள்ளைகள் யாராவது ஜெயபுரத்துப் பிள்ளையிடம் இதைக் காட்டி, நான் விட்டதையும் மாற்றி எழுதினதையும் கேட்டுச் சரிபார்த்தால் நல்லது. ஆச்சி கேட்டிருந்தால் என்று அன்றைக்குத் தொடங்கினாளே, அது என்ன கதை என்றும் கேட்க வேண்டும். கேட்டால் எனக்கும் வந்து சொல்லுங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன்.